குரங்கணிப் பாதையின் நிலவரத்தை அன்றன்று எழுதி வையுங்கள்: இரு மாநில வனத்துறையினருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தேனி மாவட்ட வனத்துறை அலுவலர்கள், மூணாறு வனக்கோட்ட அலுவலர்கள், தமிழ்நாட்டில் மலையேற்றத் திட்டத்தை நடத்துவோர்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். போடிநாயக்கனூரில் குடியிருந்து, ஏலக்காய் வியாபாரத்தின் பொருட்டும் சொந்த விருப்பத்தின் பொருட்டும் குரங்கணி, அதற்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையிலுள்ள சென்ட்ரல் என்னும் மலைக் குடியிருப்பு, டாப் ஸ்டேஷன், கொழுக்குமலைப் பகுதிகளில் நெடுங்காலமாக நடந்துவருபவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். மாசி தொடங்கி வைகாசி முடியும் வரை இம்மலைப் பாதைகளின் அன்றன்றைய நிலவரத்தை, அடிவாரத்தில் குரங்கணியிலும் மேலே டாப் ஸ்டேஷனிலும் சூரியநெல்லியிலும், தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். பாதை திறந்திருக்கிறது, மூடியிருக்கிறது என்ற ஒற்றை வரி போதாது. புல் எவ்வளவு காய்ந்திருக்கிறது, எந்த ஊற்றில் தண்ணீர் இருக்கிறது, நேற்று மாலை மழை எந்த உயரத்தில் பெய்தது, யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்பவையெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் தேதி கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத் தீயில் சிக்கினர். அன்றும், அதைத் தொடர்ந்த நாட்களில் மருத்துவமனைகளிலுமாக 23 பேர் உயிரிழந்தனர். அதை இங்கே விரித்துரைக்க எனக்கு மனமில்லை. போடியில் அதை மறந்தவர் எவருமில்லை. அதன் பின் அரசு விசாரணை நடத்தியது. அதே ஆண்டில் மலையேற்றத்தை முறைப்படுத்தும் விதிகள் வந்தன. எளிது, நடுத்தரம், கடினம் எனப் பாதைகள் வகைப்படுத்தப்பட்டன. 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின்கீழ் 40 பாதைகள் இணையவழிப் பதிவுக்கு வந்தன. எங்கள் பக்கத்துக் குரங்கணி–சாம்பலாறு பாதையும் அவற்றுள் ஒன்று. உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்து வழிகாட்டிகளாக அமர்த்தியது நல்ல காரியம். 2025-இல் தீக்காலத்தை முன்னிட்டுப் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மலையேற்றத்தை நிறுத்தி வைத்ததையும் நான் குறை சொல்ல மாட்டேன். மூட வேண்டிய மாதங்களில் மூடத்தான் வேண்டும்.

ஆயினும் நாட்காட்டியை மட்டும் வைத்துக்கொண்டு இந்த மலையைக் கணிக்க முடியாது. இரவிகுளம் தேசியப் பூங்காவை வரையாடுகள் குட்டி ஈனும் பருவத்தில், பிப்ரவரி, மார்ச் மாதவாக்கில், ஆண்டுதோறும் மூடுகிறார்கள். வரையாடு ஏறக்குறைய ஒரே பருவத்தில் ஈனும் என்பதால் அங்கே தேதி பொருந்தி வருகிறது. தீ நாள் கிழமை பார்த்து வருவதில்லை. வடகிழக்குப் பருவமழை கார்த்திகையோடு கையை விரித்துவிட்ட ஆண்டில் தை மாதக் கடைசியிலேயே புல் சருகாகிவிடும். மார்கழி வரை விட்டுவிட்டுப் பெய்த ஆண்டில் பங்குனி பிறந்த பிறகும் தண்டின் அடியில் பச்சை நிற்கும். ஏப்ரல் 16-ஆம் தேதி காலையில் பாதை திறக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கோடை மழை அதற்குள் நன்றாக இறங்கியிருந்தால் பாதையில் தீ அச்சம் பெரிதும் தணிந்திருக்கும். மழை ஏமாற்றியிருந்தால் அது பிப்ரவரியில் இருந்ததைவிட மோசமான பாதை. பதிவு செய்துகொண்டு வெளியூரிலிருந்து வருபவருக்கோ இரண்டு ஆண்டுகளிலும் ‘திறப்பு’ என்ற ஒரே சொல்தான் கிடைக்கும்.

இந்த மலையின் இரண்டு முகங்களையும் அறிந்தவர்களுக்கு நான் அடுத்துச் சொல்வது புதிதல்ல. ஆனாலும் என் கோரிக்கையின் பாதி இதில்தான் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கை மூணாற்று முகம் வாங்கிக்கொள்கிறது. போடி முகம் மழை மறைவுப் பகுதி. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியே அது ஆண்டை ஓட்டுகிறது. ஆகவே தை பிறந்ததும் கீழ்ச்சரிவுகள் காயத் தொடங்கும் அதே வேளையில், உச்சியில் தேயிலைத் தோட்டமும் சோலைக்காடும் பனிமூட்டமுமாகப் பச்சை மாறாமல் இருக்கும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. போடியோ 400 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் கிடக்கிறது, கொழுக்குமலை 2,000 மீட்டரையும் தாண்டி நிற்கிறது. மூணாற்றிலிருந்து வண்டியில் வந்து, டாப் ஸ்டேஷனில் கம்பளிச் சட்டையோடு நின்று தேநீர் குடிப்பவருக்கு, சில மணி நேர நடையில் தாம் இறங்கப்போகும் சரிவு வைக்கோற்போராகக் காய்ந்து கிடக்கிறது என்பது எப்படித் தெரியும்? 2018-இல் தீயில் சிக்கியவர்களும் மேலிருந்து இறங்கியவர்களே. எனவே, அடிவாரத்தில் வைக்கும் பலகையைவிட உச்சியில் வைக்கும் பலகைக்கு வேலை அதிகம்.

புல்லைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். பாதை புல்வெளிச் சரிவைக் குறுக்கே வெட்டிச் செல்லும் இடங்களில் போதைப்புல் என்னும் தைல வாடைப் புல் இருபுறமும் ஆள் உயரத்திற்கு மேல் நிற்கும். நடுவே ஓரடி அகல ஒற்றையடிப் பாதை. முன்னால் போகிறவரின் தலை மட்டுமே பின்னால் வருபவருக்குத் தெரியும். தை மாதத்தில் அதன் ஒரு தண்டைப் பறித்து விரலில் சுற்றினால் நார் போல வளையும். மாசியில் அது ‘படக்’கென்று ஒடியும். பங்குனியில் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் தூளாகிவிடும். கையில் தைல வாடை மட்டும் மிஞ்சும். அந்தத் தைலப் பசை உள்ள புல் பற்றிக்கொண்டால் எரியும் விதமே வேறு. தோட்ட வேலைக்குப் போய்வருபவர்கள் தண்டை ஒடித்துக்கூடப் பார்ப்பதில்லை. நடக்கும்போது காதில் விழும் சலசலப்பை வைத்தே ‘இன்னிக்கு உச்சிக்கு முன்னாடி போயிரணும்’ என்று சொல்லிவிடுகிறார்கள்.

அவர்கள் உச்சிப்பொழுதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெயில் ஏற ஏற மலைச்சரிவின் காற்று சூடாகி, கீழிருந்து மேலாக வீசத் தொடங்கும். இரவில் அது திரும்பி இறங்கும். மேல்நோக்கி எரியும் தீ தனக்கு மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காய வைத்துக்கொண்டு ஏறுகிறது. சரிவு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது காட்டுத் தீ அணைப்போர் கைக்கொள்ளும் கணக்கு. அதோடு பகல் காற்றும் சேர்ந்துகொண்டால் மனிதக் கால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. வறண்ட ஓடைப் பள்ளம் ஒதுங்குவதற்கு ஏற்ற இடம்போலத் தோன்றும். உண்மையில் அது புகையையும் அனலையும் மேலே இழுக்கும் வழி. ஏற்கெனவே எரிந்து கரியான நிலம், புல்லில்லாத பாறைப் பரப்பு, பக்கவாட்டில் விலகிச் செல்லும் வழி ஆகியவையே காப்பு. இவ்விவரங்கள் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் பாறைப் பரப்பு இன்று எங்கே இருக்கிறது, சென்ற வாரம் எரிந்த துண்டு எது, தீத்தடுப்புக் கோட்டில் மறுபடியும் சருகு விழுந்து மூடியிருக்கிறதா என்பதை அன்று காலையில் நடந்தவர் சொன்னால்தான் உண்டு.

தீக்காலம் முடிந்ததும் அச்சம் தீர்ந்தது என்று நினைப்பதும் சரியல்ல. பங்குனிக் கடைசியிலும் சித்திரையிலும் மதியத்திற்கு மேல் மேகம் திரண்டு இடியோடு வரும் கோடை மழை, அதே பாதையை ஒரு மணி நேரத்தில் வேறொன்றாக்கிவிடும். மூன்று மாத வெயிலில் பொடிந்துபோன செம்மண், முதல் மழையில் உள்ளே ஊறாமல் மேலே மட்டும் நனைந்து வழுக்கும்; அடியில் மண் காய்ந்தே இருப்பதால் ஊன்றிய கம்பும் பிடிக்காது. மழைக்கு முன்போ சரளைதான் தொல்லை. சுமைக் குதிரைகள் மிதித்துப் பெயர்த்த சிறு கற்கள் காலடியில் உருளும். ஏறுகிறவரைவிட இறங்குகிறவரையே அவை அதிகம் சறுக்கிவிடும். சோலைக்குள் மழைக்கு மறுநாளே அட்டை தலைகாட்டிவிடும்; கீழே காய்ந்த புல்லில் உண்ணி. தீயோடும் மின்னலோடும் ஒப்பிட்டால் இவை சிறு தொல்லைகள். எனவே பலகையில் அரை வரி போதும். மின்னலுக்கு ஒரு முழு வரி வேண்டும். ஏனெனில் புல்மேட்டின் முதுகில் மரமே இல்லாத நீண்ட பகுதியில் இடி இறங்கினால் நடப்பவர்தான் அங்கே உயரமான பொருள்.

தண்ணீரும் விலங்கும் ஒரே செய்தியின் இரு பக்கங்கள். வழியிலுள்ள சிற்றூற்றுகள் மாசியில் மெலிந்து பங்குனியில் ஒவ்வொன்றாக நின்றுவிடும்போது, மனிதருக்கு எஞ்சியிருக்கும் தண்ணீரே காட்டுமாட்டுக்கும் யானைக்கும் எஞ்சியிருக்கும் தண்ணீர். எந்த ஊற்று வற்றியது என்று எழுதினால், அடுத்த ஊற்றில் யாரைச் சந்திக்க நேரும் என்பதையும் எழுதியதாகவே பொருள்.

பாதை மூடல் என்பது பதிவு செய்து வருபவர்களுக்கு மட்டுமே பொருந்தும் என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். கொட்டகுடி ஊராட்சியின் மலைக் குடியிருப்புகளில் இருப்பவர்கள் பிப்ரவரி 15-ஆம் தேதிக்குப் பிறகும் நடக்கத்தான் வேண்டும். அரிசியும் எரிவாயு உருளையும் மேலே போக வேண்டும். காப்பிக்கொட்டையும் ஏலமும் மிளகும் கீழே வர வேண்டும். காய்ச்சல் கண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் பெண்கள் காலையில் ஏறி, பிற்பகலில், அதாவது தீக்கு மிகவும் உகந்த நேரத்தில், அதே புல்வெளி வழியாக இறங்குகிறார்கள். இவர்களுக்கு அனுமதிச் சீட்டும் இல்லை, தலைக்கவசமும் இல்லை. நிலவரப் பலகை சுற்றுலாவுக்கான வசதி என்று யாராவது கோப்பில் குறிப்பு எழுதினால், தயவுசெய்து இந்தப் பத்தியை அதன் அருகில் வையுங்கள்.

செயற்கைக்கோள் இருக்கிறதே என்பது முதல் மறுமொழியாக வரக்கூடும். இந்திய வன அளவை நிறுவனம், செயற்கைக்கோள்கள் காணும் தீப்புள்ளிகள் பற்றி, பெயரைப் பதிவு செய்துகொண்டவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பிவருகிறது. அது பெரும் உதவி, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் செயற்கைக்கோள் நாளில் சில முறை மட்டுமே தலைக்கு மேல் கடக்கிறது; அது காணும் ஒரு புள்ளியின் அகலமே 375 மீட்டர். இரண்டு கடப்புகளுக்கு இடையில் பற்றிய சிறு தீயும், மேகத்திற்கு அடியில் எரியும் தீயும் அதன் கண்ணில் படாமல் போகலாம். மின்னலுக்குத் ‘தாமினி’ செயலி உண்டு. பள்ளத்தாக்கில் கைப்பேசிச் சமிக்ஞை இருந்தால் அது பேசும். மேலும், இவை எதுவும் ‘புல் காய்ந்துவிட்டது, இன்னும் பற்றவில்லை’ என்று சொல்லப்போவதில்லை. நடப்பவருக்கு வேண்டிய செய்தி அதுதான்.

பலகை எப்படி இருக்க வேண்டும் என்பதற்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வண்ணம் பூசிவிடலாம் என்ற யோசனையும் எழும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இரண்டு மாதம் தொடர்ந்து சிவப்பாக நிற்கும் பலகையை மூன்றாம் வாரத்தில் எவரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். வாக்கியமாக எழுதுங்கள். கீழ்க்காணும் நடை போதுமானது என்று கருதுகிறேன். இது மாதிரிக்காக நான் எழுதியது:

“பங்குனி 12, காலை 7 மணி. குரங்கணி முதல் சென்ட்ரல் வரை: புல் முழுதும் காய்ந்துள்ளது, கையில் நொறுங்குகிறது. இப்போது காற்று இல்லை. நேற்று பதினொரு மணிக்கு மேல் கீழிருந்து வலுத்தது. எதிர்ச்சரிவில் நேற்று மாலை புகை தெரிந்தது, இன்று காலை தெரியவில்லை. இரண்டாவது ஊற்று வறண்டுவிட்டது. அடுத்த தண்ணீர் சென்ட்ரலில்தான். சென்ட்ரலுக்கு மேல்: நேற்று இரவு தூறல், சோலைக்குள் பாறை வழுக்குகிறது. ஓடைக்கரையில் காட்டுமாட்டின் புதுத் தடம். நடந்து பார்த்தவர்கள்: இன்று காலை சென்ட்ரலிலிருந்து இறங்கிய சுமைக்காரர்கள். இந்த நிலவரம் இன்று நண்பகல் வரை மட்டும்.”

இதில் நாளும் நேரமும் முதல் வரியிலும், காலாவதி கடைசி வரியிலும் இருப்பது முக்கியம். இன்று எழுதியதை யாரோ படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்ப, அது பத்து நாள் கழித்துப் புதுச் செய்தியாகச் சுற்றிவருவதை நம் ஊரில் எவராலும் தடுக்க முடியாது. நாள் தெளிவாக இருந்தால் படிப்பவராவது விழித்துக்கொள்வார்.

எழுதுவது யார்? ஆள் பற்றாக்குறை என்பது நான் அறியாத ஒன்றல்ல. தீக்காலத்தில் வேட்டைத் தடுப்புக் காவலர்களும் தீக்காவலர்களும் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அவர்கள் தலையில் இன்னொரு சுமையை ஏற்றச் சொல்லவில்லை. காலையில் சென்ட்ரலிலிருந்து இறங்கும் குதிரைக்காரர், முதுவாக்குடியிலிருந்து வரும் முதுவர் பழங்குடியினர், தோட்டக் கங்காணி என, பாதையை எப்படியும் அளந்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுத அடிவாரத்தில் ஒருவர், உச்சியில் ஒருவர். மலையேற்றம் நிறுத்தப்பட்ட மாதங்களில் வருமானமின்றி இருக்கும் வழிகாட்டி இளைஞர்களையே இதற்கு அமர்த்தி, மலையேற்றக் கட்டணத்திலிருந்து ஒரு பகுதியைக் கூலியாக ஒதுக்கலாம். சொல்கிறவருக்கும் கூலி உண்டு என்பதை எழுத்திலேயே உறுதி செய்ய வேண்டும். மலைக்காரர்களின் அறிவை இலவசமாக வாங்கிக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் கொஞ்சம் அதிகம்.

‘எழுதி வைத்த பிறகு ஏதாவது நடந்தால் பொறுப்பு எங்கள் மேல் விழுமே’ என்ற தயக்கத்தை அலுவலர்கள் சிலரிடம் பேச்சுவாக்கில் கேட்டிருக்கிறேன். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நான் கேட்பது நற்சான்று அல்ல. ‘போகலாம்’ என்ற சொல்லே பலகையில் வர வேண்டாம். கண்டதைக் கண்டபடி, கண்டவர் எவர், எத்தனை மணிக்கு என்று எழுதினால், அது காவல் நிலையத்தின் தினக் குறிப்பைப் போன்ற பதிவேடு. நாளைக்கு ஒரு விசாரணை வந்தால், அன்று காலை பாதை எப்படி இருந்தது என்பதற்கு எழுத்தில் சான்று இருப்பது துறைக்கும் பாதுகாப்பு.

இனி, இரு மாநிலம் பற்றி. டாப் ஸ்டேஷன் தமிழ்நாட்டில் இருக்கிறது. அதற்குச் செல்லும் சாலை மூணாற்றிலிருந்து வருகிறது. கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில். ஜீப் ஏறுவதோ இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லியில். அடிவாரச் சோதனைச் சாவடியைக் கண்ணால் காணாமலேயே ஒருவர் தமிழ்நாட்டுச் சரிவின் உச்சிக்கு வந்துவிடலாம். ஆகவே மலையாளத்தில் எழுதாத பலகையும், சூரியநெல்லி ஜீப் ஓட்டுநர்களின் கைக்குப் போகாத செய்தியும் பாதி வேலைதான். திருவிதாங்கூர் சமஸ்தானமும் சென்னை மாகாணமும் தனித்தனியாக இருந்த காலத்தில்கூட, மூணாற்றுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கிப் போடிக்கு வந்தது. மூணாறு முதல் டாப் ஸ்டேஷன் வரை ஓடிய சிறு ரயில் 1924 வெள்ளத்தில் அழிந்துபோனாலும் அந்த இடங்களின் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அண்மைக் காலத்திலும் முன்மாதிரி உண்டு: 2023-இல் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்ட அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கழுத்தில் ரேடியோ காலரோடு கம்பத்திற்கு வந்தபோது, அதன் நடமாட்டத்தை எல்லையின் இரு பக்கமும் கவனித்துக்கொண்டிருந்தார்கள். யானைக்குச் செய்ததைப் புல்லுக்கும் செய்யலாம். காலை ஏழு மணிக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரே வாசகம், இரண்டு மொழி. இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை.

இதைப் பேச இடமும் ஏற்கெனவே இருக்கிறது. மங்கலதேவி கண்ணகி கோயிலின் சித்திரை முழுநிலவு விழாவுக்காகத் தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் ஆண்டுதோறும் கூடிப் பேசுகின்றன. அந்தக் கூட்டத்தில் இதையும் ஒரு பொருளாகச் சேர்க்கலாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் விழாவை ஒட்டிக் கூடும் கூட்டம் தீக்காலத்திற்குக் காலம் கடந்தது. அதற்குள் சரிவுகள் காய்ந்து முடிந்திருக்கும். எனவே இதற்கென்று தனியாக, தைப் பொங்கல் முடிந்த வாரத்தில், குரங்கணியிலேயே ஒரு கூட்டம் நடத்துமாறு வேண்டுகிறேன். சென்ட்ரல், டாப் ஸ்டேஷன், முதுவாக்குடிக் குடியிருப்புகளிலிருந்து ஆளுக்கு இருவரையும், சூரியநெல்லி ஜீப் ஓட்டுநர்கள் சிலரையும் அதற்கு அழைக்க வேண்டும். பலகைக்கான இடமாகக் குரங்கணியில் பேருந்து திரும்பும் இடத்துத் தேநீர்க் கடை ஓரத்தைப் பரிந்துரைக்கிறேன். மலையேறுகிறவர் எவரும் அங்கே நிற்காமல் போவதில்லை.

தங்கள் உண்மையுள்ள,
போடிநாயக்கனூர்வாசி ஒருவர்